மனையைச் சூழ நடத்தக்க நிழல் மரமும் பூமரமும்

வீடு கட்டப் புகுவோர் செங்கல்லைத் தட்டிப் பார்க்கின்றனர்; மணலை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்க்கின்றனர்; கதவுக்கு வாங்கும் தேக்கின் வைரத்தை ஆராய்கின்றனர். ஆனால் வீட்டைச் சூழ நடவேண்டிய மரங்களைக் குறித்து அவர் கொள்ளும் கவலை மிகச் சிறிது. நாற்றுப்பண்ணையில் எக்கன்று உயரமாய் நிற்கின்றதோ, எது அன்று பூத்திருக்கின்றதோ, அதனை வாங்கி வந்து, எவ்விடத்தில் மண் இளகியிருக்கின்றதோ அவ்விடத்தில் ஊன்றிவிடுகின்றனர். தச்சன் செய்த பிழை ஒரு மழைக்காலத்திற்குள் வெளிப்பட்டுவிடும், திருத்திக் கொள்ளலாம். மரத்தைத் தேர்ந்ததில் நேர்ந்த பிழையோ பதினைந்து இருபது ஆண்டுகள் சென்ற பின்னரே வெளிப்படும். அப்பொழுது அதனைத் திருத்தும் வழி கோடரி ஒன்றே. ஆதலின் இப்பொருளைப் பற்றிச் சிறிது விரித்துரைப்பது, இனி வீடு கட்டி வாழப்போகும் மாணவ அன்பர்க்கும், கட்டி முடித்து வெயிலிற் காயும் பழைய மாணவர்க்கும் பயன்படுமென்று கருதுகின்றேன்.

இதனை நான் ஆராயத் தொடங்கியது நூலறிவால் அன்று. சென்னைக்குத் தெற்கே புறநகர் ஒன்றில் உள்ள எம் வீட்டின் மேற்புறத்தில், குல்மோஹர் என்று வடநாட்டார் வழங்கும் செம்மயிற்கொன்றை ஒன்றை என் கையாலேயே நட்டிருந்தேன். அது விரைந்து வளர்ந்தது. ஆண்டுதோறும் வைகாசியில் தீப்பற்றியது போலப் பூத்தது. வீதியிற் செல்வோர் நின்று பார்த்துச் சென்றனர். 2016-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் வர்தா என்னும் பெயரிய புயல் சென்னையருகே கரை கடந்தது. பிற்பகலில் அம்மரம் வேரோடு சாய்ந்து அயல் வீட்டாரின் மதிலை நொறுக்கிற்று. அம்மதிலுக்கு அப்பால் மாலைதோறும் சிறுவர் இருவர் ஊஞ்சலாடுவது வழக்கம். அன்று புயலை முன்னிட்டு அவர்களை வீட்டினுள்ளே வைத்திருந்தனர், இறைவன் காத்தான். மறுநாட் காலையில் அம்மரத்தின் வேர்த்தட்டைக் கண்டேன். அகலம் மிகவுண்டு, ஆழமோ என் முழங்காலளவும் இல்லை. அதற்கு இருபதடி தூரத்தில் எவரும் ஏறிட்டுப் பாராத ஒரு புங்கமரம், இரண்டொரு கிளைகளை மட்டும் இழந்து நின்றுகொண்டிருந்தது.

அப்புயலிற் சென்னையும் அதன் சுற்றுப்புறமும் பல்லாயிரம் மரங்களை இழந்தன. இதனைக் கொண்டு, பிறநாட்டு மரமெல்லாம் வீழ்வன, நம் நாட்டு மரமெல்லாம் நிற்பன என்று முடிவு கட்டுதல் நேர்மையன்று. வேம்பும் பூவரசும் வீழ்ந்த இடங்களும் உண்டு. சாக்கடைக்காக ஒருபுறத்து வேர்களை வெட்டியிருந்தாலும், அடிமரம் வரையிற் சிமிட்டி பூசி வேர் மூச்சுவிட இடமில்லாமற் செய்திருந்தாலும், எம்மரமும் வீழும். எனினும் மேலோடும் வேரும், மென்மையான கட்டையும், குடைபோல் அகன்ற தலையும் ஒருங்கே உடைய மரம் முதலில் வீழும் என்பதில் ஐயமில்லை. செம்மயிற்கொன்றை இம்மூன்றும் உடையது.

இனி, மரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. நிழல் எங்கே வேண்டும், எப்பொழுது வேண்டும் என்பதே அது. நம்மவர் பலர் கதிரவன் எப்பொழுதும் தென்புறமாகவே சாய்ந்து செல்கின்றான் என்றெண்ணி, வீட்டின் தெற்கில் மரம் நடுகின்றனர். சென்னை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் உள்ளது. ஏப்ரல் 24-ஆம் நாளையொட்டி நண்பகலிற் கதிரவன் சென்னைக்கு நேர் உச்சியில் நிற்கின்றான். பின்னர் ஆகஸ்டு 18-ஆம் நாள் அளவும் நண்பகலில் உச்சிக்கு வடபுறமாகவே காணப்படுகின்றான். எனவே கத்திரி வெயிற் காலத்தில் தென்புறத்து மரம் நண்பகலில் வீட்டிற்கு யாதொரு நிழலும் தாராது. அதன் நிழல் அதன் காலடியிலேயே, அதுவும் சற்றுத் தெற்கு நோக்கியே விழும்.

நம்மை உண்மையில் வருத்துவது உச்சி வெயிலும் அன்று. அதனைக் கூரை ஏற்றுக்கொள்கின்றது. கூரைக்குச் செய்யவேண்டிய பரிகாரம் வேறு. பிற்பகல் இரண்டு மணி முதல் மாலை வரையில் மேற்சுவரிற் படும் சாய்ந்த வெயிலே கொடியது. செங்கற் சுவர் அவ்வெப்பத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, நாம் பாயை விரிக்கும் நேரத்தில் உள்ளே உமிழத் தொடங்குகின்றது. மேற்கறையில் இரவு பத்து மணிக்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர் இதனை அறிவர். மே மாதத்தின் நடுவில் பிற்பகல் நான்கு மணிக்குக் கதிரவனின் உயரம் சென்னையில் ஏறத்தாழ 34 பாகை. அப்பொழுது 20 அடி உயரமுள்ள மரம் 30 அடி நீளமுள்ள நிழலை விரிக்கும். அந்நேரத்திற் கதிரவன் நேர் மேற்கிலும் இல்லை. மேற்கிற்கு 15 பாகை அளவு வடக்கே ஒதுங்கி நிற்கின்றான். ஆகவே கோடையில் மேற்சுவரைக் காக்கும் மரம் வீட்டிற்கு மேற்கிலும், அதனினும் சிறப்பாக மேற்கிற்குச் சற்று வடக்கிலும் நிற்றல் வேண்டும். தென்மேற்கு மூலையில் நட்ட மரமோ மார்கழி மாதத்து இளவெயிலைத்தான் மறைக்கும். அக்காலத்தில் அவ்வெயில் நமக்கு வேண்டுவதாயிருக்கின்றது. ஒரு கோலை நட்டு, சித்திரை மாதத்தில் ஒருநாளும் மார்கழி மாதத்தில் ஒருநாளும் நிழல் விழும் திசையைக் குறித்துக் கொண்டால் இவ்வுண்மையை எவரும் தம் மனையிலேயே காணலாம். பௌதிக வகுப்பு மாணவர்க்கு இது ஒரு நல்ல பயிற்சியுமாகும்.

ஓலைப்பந்தலின் நிழலினும் மரநிழல் குளிர்ந்திருப்பது ஏன் எனச் சிலர் வினவுவர். பந்தல் வெயிலைத் தடுக்கின்றது. தடுத்த வெப்பத்தால் தானும் சூடாகின்றது. இலையோ வேர் உறிஞ்சிய நீரைத் தன் நுண்ணிய துளைகளின் வழியே ஆவியாக வெளிவிடுகின்றது. ஒரு லிட்டர் நீர் அவ்வாறு ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். மண்பானை நீர் குளிர்வதற்குரிய காரணமே மரநிழல் குளிர்வதற்கும் காரணம். வேருக்கு நீர் எட்டாத மரம் துளைகளை மூடிக்கொள்ளும். அப்பொழுது அதுவும் ஏறக்குறையப் பந்தலாகவே நிற்கும். கோடையில் மரத்திற்கு ஊற்றும் நீர் வீணென்று முணுமுணுக்கும் பெரியோர் இதனைச் சிந்திப்பாராக.

நிழல் வேண்டும் காலத்தில் மரத்தில் இலை இருக்கின்றதா என்பது அடுத்த வினா. பூமரங்களைப் பற்றிய ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் தோன்றுகின்றது. செம்மயிற்கொன்றை மடகாஸ்கர் தீவிற்குரியது. வறண்ட பருவத்தில் இலையுதிர்த்துப் பூப்பது அதன் இயல்பு. நம் நாட்டிலும் பங்குனி சித்திரையில் பெரும்பாலும் மொட்டையாய் நின்று, அதன்பின் பூவும் தளிருமாகின்றது. நம் நாட்டுச் சரக்கொன்றையும் வெயில் முதிரும் பொழுது இலை குறைந்து, பொன்மாலை தொங்கவிட்டதுபோற் பூக்கின்றது. காண்பதற்கு அதனினும் அழகிய மரம் இல்லையென்றே சொல்வேன். ஆயினும் அதன் கீழ் நாற்காலி போட்டு அமர்ந்தவன் சித்திரை வெயிலைத் தலையில் ஏற்கவேண்டியதுதான். வாகையும் கோடைத் தொடக்கத்தில் இலையிழந்து, காய்ந்த நெற்றுக்களைக் காற்றில் ஆட்டி ஓசை எழுப்பிக்கொண்டு நிற்கும். நிழலையும் கண்ணைப் பறிக்கும் பூவையும் ஒரே மரத்தினிடம் கேளாதிருத்தல் நன்று. மேற்கே நிழல் மரம் நிற்க, பூமரத்தை வாயிலின் கிழக்கிலோ வடக்கிலோ, சாளரத்திலிருந்து காணத்தக்க இடத்தில் வைப்பது முறை.

நிழலுக்கு எம்மரம் என்று கேட்பார்க்கு நான் முதலிற் கூறுவது புங்கம். அது மாசி பங்குனியில் இலையுதிர்ப்பினும், சில வாரங்களுக்குள் கண்ணுக்கினிய இளம்பசுந் தளிரால் தன்னை மூடிக்கொள்ளும். கத்திரி வெயில் தொடங்கும் பொழுது அதன் நிழல் நிறைந்திருக்கும். வேர் ஆழ இறங்குவது. நீர் தேங்கினும் உவர் மண்ணாயினும் பொறுப்பது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாதலின் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சுக்களில் உறையும் நுண்ணுயிர்களின் உதவியால் மண்ணிற் சேர்ப்பது. அதன் சிறுபூக்கள் உதிர்ந்து வெண்மையும் ஊதாவும் கலந்த பாயல்போல் நிலத்தை மறைக்கும். அதனை அழகென்பாரும் குப்பையென்பாரும் ஒரே வீட்டில் இருக்கக்கூடும். பெருக்குபவர் யார் என்பதைப் பொறுத்தது அது. அதன் இலைகளிற் கொப்புளங்களும் வெண்கோடுகளும் காணப்படுவதுண்டு. பூச்சியால் வருவன, மரத்திற்குப் பெருந்தீங்கு செய்வதில்லை.

வேம்பைப் பற்றி நம்மவர்க்கு நான் சொல்லத்தக்கது சிறிது. மேட்டு நிலத்திலும் செம்மண்ணிலும் அதற்கு நிகரில்லை. ஆனால் மழைக்காலத்தில் நீர் நிற்கும் பள்ளமனைகளில் வேம்பு வேர் அழுகி வாடிவிடும். ஏரிகளைத் தூர்த்து மனைகளாக்கிய இடங்களிற் குடியிருப்போர் இதனை மறவாதிருத்தல் வேண்டும். அங்கே புங்கமே தகும். கடற்கரையோரத்து மனைகளுக்குப் புன்னையும் பூவரசும் உரியவை. புன்னை உப்புக் காற்றுக்கு அஞ்சாதது; தடித்த பளபளப்பான இலை ஆண்டு முழுதும் நீங்காதது; வெண்பூவின் நறுமணம் சொல்லில் அடங்காதது. மயிலைக் கபாலீச்சுரத்தின் தலமரம் அதுவே. வளர்ச்சி மெல்ல நடைபெறுவதும், உருண்டைக் காய்கள் நடைபாதையில் உருண்டு காலை வழுக்குவதும் அதன் குறைகள். பூவரசு காலையில் மஞ்சளாய் மலர்ந்து வாடும்பொழுது செந்நிறமடையும் பூவையுடையது. அதன் இலையைச் சுருட்டி ஊதல் செய்யாத சிறுவர் நம் ஊர்களில் அரியர். ஆயினும் சிற்சில ஆண்டுகளிற் கம்பளிப்பூச்சி ஏராளமாய்ப் பற்றும்; படுக்கையறைச் சாளரத்தருகே அது வேண்டாம். பெருங்கிளையை வெட்டி ஊன்றும் போத்து நடவால் பூவரசு எளிதில் வருமாயினும், அவ்வாறு வந்த மரத்திற்கு ஆணிவேர் இராது. வீட்டருகே நடுவதற்கு விதையிலிருந்து எடுத்த கன்றே பாதுகாப்பானது.

மகிழமரத்தை நான் தனியே குறிப்பிட விரும்புகின்றேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் பெயர் கூறும் 99 பூக்களுள் வகுளம் என்பது இதுவே. என்றும் இலை நீங்காதது, அடர்ந்து திரண்ட தலையுடையது, கட்டை உறுதியானது, சிறு மனைக்கும் அடங்குவது. விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும் அதன் சிறுபூக்கள் காய்ந்த பின்னரும் மணம் மாறா. நிழலும் பூவும் ஒரே மரத்திற் கேளாதீர் என்று மேலே சொன்னேன். அவ்விதிக்கு விலக்கு உண்டாயின் அது மகிழே. ஏன் இதனை அனைவரும் நடுவதில்லை எனின், அது விரைந்து வளர்வதில்லை என்பதொன்றே விடை. இன்று நட்டு நாளை நிழல் வேண்டுவோர் நினிவே நகரத்துக்குப் புறம்பே யோனா தீர்க்கதரிசிக்குக் கிடைத்த ஆமணக்கின் வரலாற்றை நினைவுகூர்க. ஓரிரவில் எழுந்தது மறுநாளே பூச்சியரித்துப் பட்டுப்போயிற்று. நிழலுக்கு உடனே வழி வேண்டுமாயின், மகிழங்கன்றை நட்டுவிட்டு, அது வளரும் அளவும் மேற்சுவருக்கு எதிரே பந்தலிட்டு அவரையோ கோவையோ ஏற்றலாம்.

தூங்குமூஞ்சி மரத்தை நம் கல்லூரிகளிலும் புகைவண்டி நிலையங்களிலும் கண்டு மயங்குவோர் பலர். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பநாடுகளிலிருந்து வந்த அம்மரம், தன் உயரத்தினும் மிக்க அகலம் பரவுவது. மாலையிலும் மழை மூட்டத்திலும் இலை மடித்து உறங்குவது காணத்தக்க காட்சியே. பல ஏக்கர் நிலமுடைய கல்லூரிக்கு அது தகும். 40 அடி அகலமும் 60 அடி நீளமுமுள்ள ஒரு கிரவுண்டு மனையில் அதனை நடுதல், குடிசையிற் யானை கட்டுதல் போலாம். ஆலும் அரசும் அவ்வாறே. அவற்றின் வேர் சுவரையும் கிணற்றையும் பிளப்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பறவை எச்சத்தால் மதிலில் முளைக்கும் அரசங்கன்றை விரலளவாயிருக்கும் பொழுதே களைந்துவிடுக.

நெட்டிலிங்கத்தை அசோகு என்று பெயரிட்டு விற்பது நாற்றுப்பண்ணைகளில் நெடுநாளைய வழக்கம். உண்மை அசோகு வேறு. அது உயரம் குறைந்தது. ஈரமும் அரைநிழலும் விரும்புவது. செம்மஞ்சட் பூங்கொத்துக்களை உடையது. வீட்டின் கிழக்கில் நீர் வசதியுள்ள மூலையில் வைத்தால் மிக்க அழகு தரும். ஊசிபோல் நிமிரும் நெட்டிலிங்கமோ நிழல் தாராது. அயலாரின் பார்வையை மறைக்கும் திரையாக மட்டும் பயன்படும். அதற்காக வேண்டுவோர் நடலாம். மற்றையோர் அதற்கு இடங்கொடுத்தல் இழப்பே.

மரமல்லிகை இரவில் மணக்கும். விடியலில் நீண்ட காம்புள்ள வெண்பூக்களை முற்றமெங்கும் பரப்பும். அதன் கட்டையோ எளிதில் முறிவது. அது பூக்கும் பருவமும் நம் கடற்கரையின் புயற்பருவமும் ஒன்றே. வீட்டின் உயரத்தினும் மிக்க தொலைவில் நட இடமிருந்தால் மட்டுமே அதனை நாடுக. நாகலிங்கத்தின் பூ அடிமரத்திலேயே தோன்றும் அற்புதம். ஆனால் தேங்காயளவும் அதற்கு மேலும் பருத்த அதன் காய் தலைமேல் வீழின் அற்புதம் அன்று. குழந்தைகள் நடமாடும் முற்றத்தில் தென்னையும் இவ்வச்சத்திற்கு உட்பட்டதே. ஆனால் தென்னையை நடவேண்டாமென்று நம் நாட்டில் எவரிடம் சொல்லி யார் கேட்பார்! வழிநடைக்கு மேல் ஓலை நீளாதவாறு மூலையில் வைத்துக்கொள்க.

சிறு மனையுடையோர் மனந்தளர வேண்டுவதில்லை. வீட்டிற்கும் மதிலுக்கும் இடையே 5 அடியே உள்ள புறங்களிற் பெருமரம் எதுவும் ஆகாது. பவளமல்லி, மந்தாரை, மயிற்கொன்றை என்னும் குறுமரங்களும் எலுமிச்சை, கொய்யா, கறிவேம்பு முதலியனவும் அங்கே அடங்கும். 10 அடி இடமுள்ள புறத்தில் மகிழை நடலாம். புங்கம், வேம்பு, பூவரசு முதலியவற்றிற்குச் சுவரிலிருந்து 15 முதல் 20 அடி விடுதல் நன்று. மலக்குழியும் நீர்க்குழாயும் செல்லும் வழியை முன்னரே தாளில் வரைந்து கொள்க. வேர் நீரை நாடிச் செல்வது அதன் குற்றமன்று. மேலே மின்கம்பி செல்லும் வரிசையில் உயர்ந்த மரத்தை நட்டால், ஆண்டுதோறும் அதன் ஒருபக்கத்துக் கிளைகள் வெட்டப்படும். ஒருபுறம் கனத்த மரம் அப்புறமாகவே சாயும். ஒரு கிரவுண்டு மனைக்கு நிழல் மரம் ஒன்று, பூமரம் ஒன்று, குறுமரம் இரண்டு என்பதே என் கணக்கு. ஆசையால் எட்டு நட்டோர் பின்னர் ஐந்தை வெட்டுகின்றனர்.

நடும் முறையிற் சொல்லத்தக்கது சில உள. குழியைக் கோடையிலேயே மூன்றடி நீளம், அகலம், ஆழம் உள்ளதாய்த் தோண்டி வெயில் காயவிடுக. மேல்மண்ணோடு வண்டல்மண்ணும் நன்கு மட்கிய சாணமும் கலந்து நிரப்பி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் நடுக. கன்றைத் தேரும் பொழுது உயரத்தைக் கண்டு மயங்கலாகாது. எட்டடி உயரமுள்ள கன்று சிறு நெகிழிப்பையில் நெடுங்காலம் அடைபட்டிருந்ததாயின், அதன் வேர் பையின் அடியில் பாம்புபோற் சுருண்டிருக்கும். அச்சுருள் மண்ணில் நட்ட பின்னரும் விரிவதில்லை. பருத்துத் தன்னையே நெரித்துக்கொண்டு, பல்லாண்டுகட்குப் பின் ஒரு புயலில் மரத்தைக் கைவிடும். இரண்டு மூன்றடி உயரமுள்ள இளங்கன்றே நல்லது. பையைக் கிழித்தெடுத்து, சுருண்ட வேரிருந்தால் கூரிய கத்தியால் அச்சுருளை நறுக்கிவிட்டு நடுக. பையோடு புதைத்துவிட்டுப் பட்டுப்போயிற்றே என்று வருந்துவோரையும் நான் கண்டதுண்டு.

தாங்குகோல் கட்டும் பொழுது கன்று காற்றில் சற்று அசையுமாறு தளர்த்திக் கட்டுக. அசைவினாலேயே தண்டு பருத்து வலுப்பெறும். ஓராண்டிற்குப் பின் கோலை நீக்கிவிடலாம். முதற் கோடையில் அடிமரத்தருகே பாத்தி கட்டி நீர் விடுக. இரண்டாங் கோடையில் அப்பாத்தியை அடிமரத்தினின்று இரண்டடி வெளியே தள்ளி, வாரம் இருமுறை ஆழ ஊறும்படி விடுக. நாள்தோறும் மேலாகத் தெளிக்கும் நீர் வேரை மேலேயே நிறுத்திவிடும். மூன்றாங் கோடை கழிந்தபின் நாட்டு மரங்கள் பெரும்பாலும் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். எம் வீட்டின் மேற்புறத்தில் வீழ்ந்த மரம் நின்ற குழியிலிருந்து ஆறடி வடக்கே தள்ளி, 2017-ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு மகிழங்கன்றை நட்டேன். அது இன்னும் மேற்சுவரை முழுதும் மறைக்கவில்லை. அயல்வீட்டுச் சிறுவர் வளர்ந்துவிட்டனர். விடியலில் அப்பூக்களைப் பொறுக்க அவர்தம் பாட்டியார் வருகின்றார்.